பேட்டரிப் பெட்டிக்குள் ஒரு வெப்பப் பாடம்

சென்ற கல்வியாண்டின் இடைப்பகுதியில் ஒருநாள் மதிய உணவு இடைவேளை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து நண்பர்களிடம் காட்டிக்கொண்டிருந்தான். பழைய கைபேசியின் பேட்டரி. நடுவில் பூரி போல உப்பியிருந்தது. இன்னொரு கையில் மூன்று அங்குல ஆணி.

"என்னடா இது?" என்றேன்.

"சார், யூடியூப்ல பார்த்தேன். நல்ல பேட்டரின்னா ஆணி அடிச்சாலும் எரியாது. கெட்ட பேட்டரின்னா எரியும். இது எதுன்னு பார்க்கலாம்னு..."

பேட்டரியை அவன் கையிலிருந்து மெதுவாக வாங்கி, தீயணைப்புக்காக வைத்திருக்கும் மணல் வாளியில் போட்டு, வாளியை மைதானத்தின் ஓரத்தில் கொண்டுபோய் வைத்தேன். அதன் பிறகுதான் எனக்குக் கை நடுங்கியது. பத்து நிமிடம் கழித்து அந்தப் பக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

அவனைத் திட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவன் பார்த்த காணொளி பொய்யல்ல. சீனாவின் பி.ஒய்.டி. நிறுவனம் 2020 மார்ச்சில் தன் 'பிளேடு' பேட்டரியை அறிமுகப்படுத்தியபோது வெளியிட்ட சோதனை அது. ஆணி செலுத்தியதும் ஒரு வகை பேட்டரி கொழுந்துவிட்டு எரிகிறது. பிளேடு பேட்டரி புகைகூட விடவில்லை. ஏன் ஒன்று எரிகிறது, ஏன் மற்றது எரியவில்லை என்று அவன் கேட்டபோது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கே இன்னொருத்தி, "மின்சாரக் காரில் பேட்டரிக்குள்ளே தண்ணி ஓடுமாமே சார், ஷாக் அடிக்காதா?" என்று கேட்டாள். அதற்கும் விழித்தேன். அதன்பிறகு சில வாரங்கள் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்கிறேன். நம் பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே உள்ள வெப்பம், மின்னோட்டம், வேதிவினை ஆகிய மூன்று பாடங்களும் ஒரே பெட்டிக்குள் சந்திக்கும் இடம் இது.

முதலில் பெட்டியின் அளவைப் பார்ப்போம். மின்சாரக் காரில் ஒரு பெரிய பேட்டரி இருக்கிறது என்றுதான் மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் இருப்பது ஒரு பெருங்கூட்டம். டெஸ்லா மாடல் எஸ் காரின் 85 கிலோவாட்-மணி பேட்டரியில் 7104 மின்கலங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட சிறிய உருளை. டார்ச் விளக்கில் போடும் பென்சில் செல்லைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. 74 கலங்களைப் பக்க இணைப்பில் சேர்த்து ஒரு குழு. அத்தகைய 6 குழுக்களைத் தொடராக இணைத்து ஒரு பகுதி. அப்படி 16 பகுதிகள். 74 × 6 × 16 என்று பெருக்கினால் 7104 வரும்.

பத்தாம் வகுப்பில் தொடரிணைப்பும் பக்க இணைப்பும் நடத்தும்போது இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை. தொடரில் 96 குழுக்கள். ஒரு கலத்தின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட் என்றால் மொத்தம் ஏறத்தாழ 346 வோல்ட். பக்க இணைப்பில் 74 கலங்கள் இருப்பதால் மொத்த மின்னோட்டம் 74 ஆகப் பிரிந்துவிடுகிறது. மின்னழுத்தம் எதனால் கூடுகிறது, மின்னோட்டம் எதனால் பங்கிடப்படுகிறது என்பதை இரண்டு பல்பு, ஒரு சாவி வரைந்து சொல்லும்போது தூங்கும் பிள்ளைகள், கார் என்றதும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இப்போது ஜூல் வெப்ப விதி. கலத்துக்குள்ளும் சிறிது மின்தடை உண்டு. கணக்குக்காக ஒரு கலத்தின் அகமின்தடையை 0.04 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது ஒரு கலத்திலிருந்து 1 ஆம்பியர் எடுக்கப்படுகிறது என்றால், அதில் உண்டாகும் வெப்பம் 0.04 வாட். 7104 கலங்களுக்கும் சேர்த்து 284 வாட். நான்கைந்து பழைய குண்டு பல்புகள் எரிவது போலத்தான். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கிறார். ஒரு கலத்திலிருந்து 5 ஆம்பியர். மின்னோட்டம் ஐந்து மடங்கு. வெப்பம் 25 மடங்கு. ஒரு கலத்துக்கு 1 வாட், மொத்தம் 7 கிலோவாட்டுக்கும் மேல். மூடிய பெட்டிக்குள் ஏழு இஸ்திரிப் பெட்டிகளை ஒரே நேரத்தில் போட்டது போல. அதிவேக மின்னேற்றத்தின்போதும் இதுதான் நடக்கிறது. மின்னேற்ற நிலையத்தில் காரை நிறுத்தியதும் அதன் குளிர்விக்கும் விசிறி இரைச்சலோடு ஓடத் தொடங்குவது இதனால்தான்.

ஒரு கலம் சுமார் 48 கிராம் எடை. எல்லாக் கலங்களும் சேர்ந்து ஏறத்தாழ 341 கிலோ. இவற்றின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு ஒரு டிகிரிக்குச் சுமார் 1000 ஜூல் என்று கொண்டால், அந்த 7 கிலோவாட் வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் 48 விநாடிக்கு ஒரு டிகிரி வீதம் சூடேறும். பத்து நிமிடத்தில் 12 டிகிரி. ஏப்ரல் மாதம் வேலூரிலோ திருத்தணியிலோ நிழலிலேயே 40 டிகிரியைத் தொடும் நாளில் இந்தப் பன்னிரண்டைக் கூட்டிப் பாருங்கள்.

கூட்டிப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. லித்தியம் அயனி மின்கலம் மனிதரைப் போன்றது என்று வகுப்பில் சொல்வேன். நமக்குச் சுகமான வெப்பநிலைதான் அதற்கும் சுகம். ஏறத்தாழ 15 முதல் 35 டிகிரி வரை. பூச்சியத்துக்குக் கீழே மின்னேற்றினால், கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டிய லித்தியம் வெளியே உலோகமாகப் படிந்துவிடும். 45 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் உள்ளே நடக்கக் கூடாத வேதிவினைகள் மெதுவாக நடந்து கலம் சீக்கிரம் முதுமையடையும். இன்னும் சூடேறி 100 டிகிரியை நெருங்கும்போது எதிர்மின்முனையின் மேல் உள்ள பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்குகிறது. 130 டிகிரி அளவில் இரு மின்முனைகளையும் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய பாலிஎத்திலீன் தாள் உருகுகிறது. முனைகள் தொட்டுக்கொள்கின்றன. அதற்குப் பிறகு வெளியிலிருந்து வெப்பம் தேவையில்லை. வினையே வெப்பத்தைத் தருகிறது, வெப்பம் வினையை முடுக்குகிறது. இதை வெப்ப ஓட்டம் என்றும் கட்டற்ற வெப்பப் பெருக்கம் என்றும் சொல்கிறார்கள். இரண்டாவதுதான் மாணவர்களுக்குப் புரிகிறது. ஆணி அடித்தால் நடப்பதும் இதேதான். ஆணி இரு முனைகளையும் நேரடியாக இணைத்துக் குறுக்குச்சுற்று உண்டாக்குகிறது. மேலே சொன்ன படிகளையெல்லாம் தாண்டி ஒரே நொடியில் கடைசிப் படிக்குப் போய்விடுகிறது.

சரி, வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது? காற்றா, நீரா?

இதற்கு 2012-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் ஒரு பெரிய பரிசோதனைக்கூடமாக ஆனது. யாரும் திட்டமிட்டதல்ல. நிசான் நிறுவனத்தின் லீஃப் கார் 2010 இறுதியில் விற்பனைக்கு வந்தது. 192 தட்டையான கலங்கள், 24 கிலோவாட்-மணி. பெட்டி முழுக்க மூடப்பட்டது. உள்ளே குளிர்நீர்க் குழாயும் இல்லை, விசிறியும் இல்லை. வெப்பம் தானாகப் பெட்டியின் உலோகச் சுவர் வழியாக வெளியே போக வேண்டும். மிதமான ஊர்களில் இது போதுமானதாக இருந்தது. கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் ஃபீனிக்ஸ் நகரில் ஓராண்டு, இரண்டாண்டிலேயே பேட்டரியின் கொள்ளளவைக் காட்டும் பட்டைகள் ஒவ்வொன்றாக அணைவதை உரிமையாளர்கள் கண்டார்கள். நிறுவனம் கொள்ளளவு குறைவுக்கும் உத்தரவாதம் தர வேண்டியதாயிற்று. பின்னர் வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் வேதியமைப்புக்கு மாறியது. ஃபீனிக்ஸ் நகரின் கோடையும் நம் ஊர்க் கோடையும் ஒன்றுக்கொன்று சளைத்தவையல்ல என்பதால் இந்தக் கதையை நான் வகுப்பில் விட்டுவிடுவதே இல்லை.

ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி சூடேறும்போது வாங்கிக்கொள்ளும் வெப்பத்தை வாங்க, ஏறத்தாழ 3500 லிட்டர் காற்று வேண்டும். தன்வெப்ப ஏற்புத்திறனையும் அடர்த்தியையும் பெருக்கினால் மாணவர்களே இந்த எண்ணைக் கண்டுபிடிப்பார்கள். நீர் வெல்வதற்கு இது ஒன்றே போதும். ஆகவே இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் நீரும் கிளைக்காலும் கலந்த குளிர்விப்பான் ஓடுகிறது.

மாணவியின் கேள்விக்கு இங்கேதான் பதில். அந்த நீர் மின்கலத்தைத் தொடுவதே இல்லை. அலுமினியத் தகட்டுக்குள் செதுக்கிய வாய்க்காலில் ஓடுகிறது. டெஸ்லாவில் அலுமினியப் பட்டை ஒன்று கலங்களின் வரிசைகளுக்கிடையே பாம்பு போல வளைந்து நெளிந்து போகும். ஜெனரல் மோட்டார்ஸின் வோல்ட் காரில் தட்டையான கலங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தகடுகள், அவற்றுக்குள் நுண்ணிய வாய்க்கால்கள். வேறு பல கார்களில் பெட்டியின் அடித்தளமே குளிர்தட்டு. கலத்துக்கும் அலுமினியத்துக்கும் இடையே ஒரு பசை அல்லது மெல்லிய படலம் இருக்கும். அதற்கு ஒரு வினோதமான குணம் தேவை: வெப்பத்தைக் கடத்த வேண்டும், மின்சாரத்தைக் கடத்தக் கூடாது. உலோகங்களில் இரண்டும் சேர்ந்தே வரும் என்று நாம் பாடம் நடத்துகிறோம். இரண்டையும் பிரித்து வைக்கும் பொருளைத் தேடுவதே ஒரு தனித் தொழில்நுட்பமாக வளர்ந்திருக்கிறது.

கலத்துக்குள்ளும் ஒரு சுவையான விஷயம் உண்டு. உருளைக் கலத்தைக் கோரைப்பாய் சுருட்டியது போல எண்ணிக்கொள்ளுங்கள். செம்புத் தாள், பிரிப்புத்தாள், அலுமினியத் தாள், மீண்டும் பிரிப்புத்தாள் என்று அடுக்கிச் சுருட்டியிருக்கிறார்கள். சுருளின் நீளவாக்கில், அதாவது மேலிருந்து கீழாக, வெப்பம் தடையின்றி உலோகத் தாள் வழியாகவே போகலாம். நடுவிலிருந்து பக்கவாட்டில் வெளியே வர வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றிலும் பிளாஸ்டிக் தாளைத் தாண்ட வேண்டும். எனவே நீளவாக்கில் வெப்பக் கடத்தல் பல மடங்கு எளிது. ஆனால் பக்கவாட்டில்தான் பரப்பு அதிகம். எந்தப் பக்கம் குளிர்விப்பது என்பதில் நிறுவனங்கள் இன்றும் வெவ்வேறு முடிவு எடுப்பது இதனால்தான். உருளையின் வளைபரப்பையும் அடிப்பரப்பையும் கணக்கிடச் சொன்னால் கணித ஆசிரியரும் நம்மோடு சேர்ந்துகொள்வார்.

எல்லாக் கலமும் ஒரே அளவு குளிர்வதும் முக்கியம். பெட்டிக்குள் மிகச் சூடான கலத்துக்கும் மிகக் குளிர்ந்த கலத்துக்கும் உள்ள வேறுபாட்டை 5 டிகிரிக்குள் வைத்திருக்கப் பொறியாளர்கள் முயல்கிறார்கள். சூடான கலம் முதலில் மூப்படையும்; தொடரிணைப்பில் ஒன்று தளர்ந்தால் அதன் அளவுக்குத்தான் மற்றவையும் வேலை செய்ய முடியும்.

இதைக் காட்ட ஒரு சோதனை செய்தோம். ஏழு எவர்சில்வர் டம்ளர்கள். ஒன்றை நடுவில் வைத்து ஆறை அதைச் சுற்றி ஒட்டி வைத்தால் தேன்கூட்டின் அறுகோண அமைப்பு வந்துவிடும். எல்லாவற்றிலும் ஒரே அளவு சுடுநீர் ஊற்றிப் பதினைந்து நிமிடம் கழித்து வெப்பநிலைமானியால் அளந்தோம். முதல் தடவை நடு டம்ளருக்கும் மற்றவற்றுக்கும் வேறுபாடே தெரியவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு ஒரு மாணவிதான், "சார், ஆவி மேலே போகுதே" என்றாள். திறந்த சுடுநீர் பெரும்பகுதி வெப்பத்தை ஆவியாதல் மூலம் மேலேயே இழந்துவிடுகிறது. பக்கவாட்டு இழப்பு அதில் மறைந்துபோகிறது. மறுநாள் டம்ளர்களை அட்டையால் மூடிச் செய்தோம். நடு டம்ளர் தெளிவாகச் சூடு கூடியிருந்தது. பின்பு அதே ஏழையும் குளிர்ந்த நீருள்ள தாம்பாளத்தில் நிறுத்திச் செய்தபோது வேறுபாடு குறைந்தது. அதுதான் அடித்தளக் குளிர்தட்டு. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. முதல் நாள் தோல்வியை மறைக்காமல் சொன்னதில் வகுப்புக்கு லாபமே தவிர நட்டம் இல்லை. சுடுநீரை ஊற்றும் வேலையை மட்டும் ஆசிரியரே வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பெட்டியின் கட்டமைப்பு. மேலே சொன்ன 341 கிலோ கலங்களுக்கு, மாடல் எஸ் காரின் முழுப் பேட்டரிப் பெட்டி ஏறத்தாழ 540 கிலோ. மிச்சம் 200 கிலோ அலுமினியச் சட்டம், தகடு, குளிர்குழாய், மின்கம்பி, மூடி. மின்சாரம் தராத இந்த எடையைக் காலமெல்லாம் சுமக்க வேண்டும் என்பது பொறியாளர்களுக்கு உறுத்தலாகவே இருந்திருக்கிறது. ஆனால் அந்த எடை சும்மா இல்லை. பெட்டி காரின் தரையில் கிடப்பதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து கார் எளிதில் கவிழாது. அதே காரணத்தால் சாலையில் கிடக்கும் இரும்பும் கல்லும் நேராகப் பெட்டியைத்தான் தாக்கும். 2013-இல் சாலையில் கிடந்த உலோகத் துண்டு அடியில் குத்தி மாடல் எஸ் கார்கள் தீப்பற்றின. 2014 மார்ச்சில் அந்த நிறுவனம் அடிப்பகுதியில் டைட்டானியத் தகடும் அலுமினியத் தடுப்புகளும் சேர்த்தது.

குளிர்விப்பும் கட்டமைப்பும் இரு வேறு பாடங்கள் அல்ல என்பதை எனக்குப் புரியவைத்தது வோல்ட் காரின் கதை. 2011 மே மாதம் அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அந்தக் காரைப் பக்கவாட்டில் ஒரு கம்பத்தின் மீது மோதச் செய்து சோதித்தது. பயணிகளின் பாதுகாப்பில் கார் நல்ல மதிப்பெண் பெற்றது. காரை நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து அது தானாகத் தீப்பற்றி, பக்கத்தில் நின்ற வண்டிகளும் எரிந்தன. மோதலில் உடலின் எஃகுப் பாகம் ஒன்று பேட்டரிப் பெட்டிக்குள் புகுந்திருந்தது. குளிர்விக்கும் நீர் கசிந்து மின்சுற்றுகளின் மேல் பரவி, குறுக்குச்சுற்றுக்கு வழி செய்திருந்தது. பேட்டரியில் இருந்த மின்னூட்டத்தையும் யாரும் வெளியேற்றவில்லை. தீர்வாகப் பெட்டியைச் சுற்றியுள்ள கட்டமைப்பைப் பலப்படுத்தினார்கள். குளிர்நீரின் அளவு குறைந்தால் சொல்லும் உணரியையும் சேர்த்தார்கள். தண்ணீர் ஓடினால் ஷாக் அடிக்காதா என்று கேட்ட சிறுமியின் சந்தேகம் எவ்வளவு நியாயமானது பாருங்கள். குழாய் உடையாதவரை ஆபத்தில்லை. குழாய் உடையாமலிருப்பது பெட்டியின் பலத்தைப் பொறுத்தது.

இப்போது பெட்டியை வடிவமைப்பவரின் சிக்கலைச் சொல்கிறேன். என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். சாதாரண நாளில் ஒவ்வொரு கலத்திலிருந்தும் வெப்பம் எளிதாக வெளியேற வேண்டும். அக்கம்பக்கத்தோடு பகிர்ந்து சமநிலைக்கு வர வேண்டும். ஆனால் ஒரு கலம் தீப்பற்றிவிட்டால் அதே வெப்பம் பக்கத்துக் கலத்துக்குப் போகவே கூடாது. ஒரே சுவர் நல்ல கடத்தியாகவும் இருக்க வேண்டும், நல்ல காப்பானாகவும் இருக்க வேண்டும். இதற்கு முழுத் தீர்வு இல்லை, சமரசம்தான் உண்டு. கலங்களுக்கு இடையே மைக்கா தகடு அல்லது ஏரோஜெல் போன்ற காப்புப் பொருளை வைத்து, வெப்பத்தைப் பக்கவாட்டில் விடாமல் அடியில் உள்ள குளிர்தட்டுக்கு மட்டும் அனுப்புவது ஒரு வழி. சில பெட்டிகளில் மெழுகு போன்ற பொருளை வைக்கிறார்கள். உருகும்போது அது உள்ளுறை வெப்பமாக நிறைய வாங்கிக்கொள்ளும், வெப்பநிலை ஏறாது. எரியும் கலத்திலிருந்து சீறிவரும் வாயு வெளியேற அழுத்தத் திறப்பும் வேண்டும். இல்லையென்றால் பெட்டியே வெடிகுண்டு. அந்தத் திறப்பு பயணிகளைப் பார்த்து இருக்கக் கூடாது. கலங்கள் மின்னேறும்போது சிறிது உப்பி, இறங்கும்போது சுருங்கும். அதற்கும் இடம் விட்டு, அதே நேரம் இறுக்கியும் பிடிக்க வேண்டும்.

நம் மாணவன் பார்த்த பிளேடு பேட்டரி இந்தச் சிக்கலை வேறு விதமாக அணுகியது. அதன் கலம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 96 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் உயரம், தடிமன் ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவு. மெல்லியதாக இருப்பதால் உள்ளே உண்டாகும் வெப்பம் வெளிப்பரப்பை அடைய நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கலங்களைச் சிறு பகுதிகளாகக் கட்டாமல் நேராகப் பெட்டிக்குள் அடுக்கியதால் இடைச் சட்டங்கள் தேவைப்படவில்லை. நீண்ட கலங்களே குறுக்குச் சட்டம் போலப் பெட்டிக்குப் பலம் தருகின்றன. அது எரியாததற்கு முக்கியக் காரணம் வேதியியல். நேர்மின்முனை லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு வலுவாகப் பிணைந்திருப்பதால் சூடேறினாலும் எளிதில் விடுபடாது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த மின்முனையோ சூடேறும்போது ஆக்சிஜனை வெளிவிட்டுத் தன் தீக்குத் தானே காற்று ஊதிக்கொள்ளும். கைபேசிகளில் பெரும்பாலும் இருப்பது கோபால்ட் ஆக்சைடு வகை. அன்று அவன் கையில் இருந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பாஸ்பேட் வகை எரியவே எரியாது என்றும் பொருளில்லை. எரிவது கடினம், வெப்பம் குறைவு.

டெஸ்லா 2020 செப்டம்பரில் இன்னொரு படி போனது. பேட்டரிப் பெட்டியையே காரின் தரையாக ஆக்கும் திட்டத்தை அறிவித்தது. விமானத்தின் இறக்கைக்குள் தனித் தொட்டி வைக்காமல், இறக்கையையே எரிபொருள் தொட்டியாக்குவது போல. எடை குறையும், பாகங்கள் குறையும். ஆனால் கலங்களைச் சுற்றி நுரைப்பசை ஊற்றி இறுக்கிவிடுவதால் ஒரு கலம் பழுதானால் பிரித்து மாற்றுவது ஏறக்குறைய நடக்காத காரியம். என் சொந்தக் கருத்து, எதையும் கழற்றிப் பழுதுபார்த்துப் பழகிய நம் ஊர்ப் பட்டறைகளுக்கு இந்த வடிவமைப்பு ஒத்துவராது.

கார்களை விட்டுவிட்டு நம் பள்ளி வாசலுக்கு வருவோம். நம் மாணவர்கள் அன்றாடம் பார்ப்பது மின்சார ஸ்கூட்டரைத்தான். அவற்றில் பெரும்பாலும் நீர்க்குழாய் இல்லை. அலுமினியப் பெட்டியின் துடுப்புகள் வழியாகக் காற்றுக்கு வெப்பம் போகிறது. 2022 கோடையில் நாட்டின் பல இடங்களில் ஸ்கூட்டர்கள் தீப்பற்றின. தமிழ்நாட்டிலும் உயிர்கள் போயின. அதன் பிறகு ஏ.ஐ.எஸ்.-156 என்னும் பாதுகாப்புத் தரம் திருத்தப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பேட்டரிப் பெட்டி ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் நீர் புகக் கூடாது. அழுத்தத் திறப்பும் வெப்ப உணரிகளும் இருக்க வேண்டும். ஒரு கலத்தின் தீ மற்றவற்றுக்குப் பரவுகிறதா என்று சோதிக்க வேண்டும். மேலே பேசியவை எல்லாம் இப்போது சட்டமாக இருக்கின்றன.

எங்கள் பள்ளியில் ஆசிரியர் ஒருவரின் ஸ்கூட்டர், அறிவியல் ஆய்வகத்தின் வாசலை ஒட்டிய பிளக்கில்தான் தினமும் சார்ஜ் ஆகும். வந்ததும் செருகுவார். ஆய்வகத்துக்கு அது ஒன்றே வழி. பல மாதங்களாக நானும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன், ஒன்றும் தோன்றவில்லை. படித்த பிறகு அவரிடம் பேசினேன். வெயிலில் ஓடி வந்த பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். உடனே மின்னேற்றினால் சூட்டின் மேல் சூடு. குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். வெளியேறும் வழியில், மாடிப்படியின் கீழ், உறங்கும் அறையில் சார்ஜ் போடக் கூடாது. வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தக் கூடாது. தலைமையாசிரியர் அனுமதியோடு சுற்றுச்சுவர் ஓரத்தில் நிழலான இடத்துக்கு அந்த இணைப்பை மாற்றினோம்.

இன்னொன்றையும் நாம் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார உலோகங்கள் நீருடன் தீவிரமாக வினைபுரியும் என்று நடத்துகிறோம். அதனால் லித்தியம் பேட்டரித் தீயில் தண்ணீரே படக் கூடாது என்று மாணவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லித்தியம் அயனி மின்கலத்தில் லித்தியம் உலோகக் கட்டியாக இல்லை. அயனியாக மின்முனைப் பொருள்களுக்குள் பொதிந்திருக்கிறது. மின்சாரக் கார் தீப்பற்றினால் தீயணைப்பு வீரர்கள் தண்ணீரைத்தான் பீய்ச்சுகிறார்கள், அதுவும் பல ஆயிரம் லிட்டர். தீயை அணைப்பதைவிடக் கலங்களைக் குளிர்வித்துப் பரவலை நிறுத்துவதே நோக்கம். ஆனால் சார்ஜில் இருக்கும் பொருளென்றால் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். புகை நச்சுத்தன்மை உடையது. பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது, விலகி ஓடு, பெரியவர்களைக் கூப்பிடு என்பதுதான்.

உப்பிய பேட்டரியைப் பற்றியும் வகுப்பில் பேசிவிடுங்கள். உப்பல் என்பது உள்ளே மின்பகுளி சிதைந்து உண்டான வாயு. அதைக் குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது, மின்னேற்றக் கூடாது, குப்பையிலும் போடக் கூடாது. மணலில் வைத்து மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

ஆணியை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். டம்ளர் சோதனையில் டம்ளர்களை மூட அட்டை வெட்டியபோது, வெப்பநிலைமானி நுழைய அட்டையில் ஓட்டை போட அவன்தான் அதைக் கொண்டுவந்தான்.